அப்பா ஏறிய மரங்கள்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எங்கள் வீடு. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. மாநில எல்லை எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி விழுந்தது. அப்பாவுக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் ஏறிய பனைகளில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம்.

தை பிறந்தால் விடிவதற்கு முன்பே முருக்குத்தடியோடு கிளம்பிவிடுவார். இடுப்பில் பாளை அரிவாள், குடுவை. காலையில் இருபத்தைந்து மரம், மாலையில் மறுபடி அதே இருபத்தைந்து. ஒவ்வொரு முறையும் பாளையை மெலிதாகச் சீவி, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்ட வேண்டும். தடவினால் அக்கானி, தடவாவிட்டால் கள். இந்த விரலளவு சுண்ணாம்பு பின்னால் சட்டப் பிரச்னையாகவும் ஆனது. 1987 ஜனவரி முதல் தமிழகத்தில் கள் இறக்குவது குற்றம்; கேரளத்திலோ லைசென்ஸ் பெற்ற கள்ளுக்கடைகள். கூப்பிடு தூரத்தில் நிற்கும் இரண்டு பனைகளுக்கு இரண்டு சட்டம்.

அக்கானி வந்ததும் அம்மாவின் வேலை தொடங்கும். பனையோலை எரித்துக் காய்ச்சுவாள். பொங்கி வழியப் பார்த்தால் ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவாள். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. அந்தப் புகையில்தான் நான் பாடம் படித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போனால் சட்டையில் கருப்பட்டி வாசம். பையன்கள் மூக்கைப் பிடிப்பார்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில்? ‘விவசாயம்’ என்று எழுதினேன். கையெழுத்து வாங்க அப்பாவிடம் நீட்டியபோது, எழுத்துக் கூட்டிப் படித்தார். எதுவும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு மரத்துக்குப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வருடம் சித்தப்பா பனையிலிருந்து விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. ஆறு வருடம் கயிற்றுக் கட்டிலில் கிடந்து செத்தார். “மக்கா, நீ முருக்குத்தடியத் தொடப்பிடாது. இது என்னோட தீரட்டும்” என்றார் அப்பா. தீர்ந்தும் விட்டது.

கோலார் தங்கவயல் மூடப்பட்டதற்கு ஒரு தேதி உண்டு: 2001 பிப்ரவரி 28. பிரிட்டனின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம் 2015 டிசம்பரில் மூடியபோது தொலைக்காட்சி கேமராக்கள் போயின. எங்கள் தொழிலை யாரும் மூடவில்லை. கருப்பட்டி இருந்த இடத்துக்குச் சீனி வந்தது. மேட்டு நிலத்தில் ரப்பர் வைத்தார்கள். வயல் மண் செங்கல்லாயிற்று. வெட்டிய பனைகள் சூளைக்குள் போயின. 1979ல் ரயில் வந்தது. பையன்கள் திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கும், அங்கிருந்து வளைகுடாவுக்கும் போனார்கள். நான் அரசு வேலைக்குப் போனேன். பனைத் தொழிலாளர்களுக்காகக் கேரள அரசு ஒரு கழகமே நடத்துகிறது. ஆனால் எங்கள் தெருவில் மரம் ஏற ஆள் இல்லை. இதற்காக நான் வருத்தப்படுவதாகச் சொன்னால் அது பாதிப் பொய். சித்தப்பாவின் கட்டிலை நான் மறக்கவில்லை. பனையைப் பற்றி உருகி எழுதுகிறவர்களில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்றும் தோன்றும்.

அப்பா போய்ப் பல வருடங்களாகின்றன. வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பனை மிச்சம். தமிழகத்தில் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ல் அறிவித்தார்கள். இந்தப் பக்கம் நிற்கும் எங்கள் மரத்தை ஒரு வியாபாரி மூன்று முறை விலை கேட்டுவிட்டான்.

போன மாதம் களியக்காவிளைச் சந்தையில் ஒரு கிலோ கருப்பட்டி வாங்கி வந்தேன். அம்மா ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள்.

“சீனிப்பாகுலே இது. அக்கானியக் கண்டதே இல்ல.”

வியாபாரி மறுபடி வந்தபோது, மரம் விற்பனைக்கு இல்லை என்று அம்மாவே சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.