பின்னச்சு

சக்கரச் சீரமைப்பு என்றதும் நம் நினைவுக்கு வருபவை முன்சக்கரங்கள்தாம். திரும்புபவை அவை. பின்சக்கரங்கள் தொடர்ந்து வருவன மட்டுமே என்பது பொதுவான எண்ணம். அப்பாவின் அம்பாசிடரால் எங்கள் வீட்டில் எழுந்த ஒரு வழக்கு, அவ்வெண்ணத்தைக் கலைத்துவிட்டது.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி உருவான அம்பாசிடரின் உற்பத்தி, உத்தரபாராவில் 2014-இல் நின்றுபோயிற்று. அப்பாவுக்கு அந்த வண்டியை விட மனமில்லை. அது சில நாட்களாக வலப்பக்கமாக இழுத்தது. அதாவது, எதிரே லாரி வரும் பக்கமாக. ஸ்டியரிங்கைச் சற்று இடப்புறம் திருப்பிப் பிடித்தால்தான் நேராகச் சென்றது. கணினி வைத்த சீரமைப்பு நிலையத்தில் முன்சக்கரங்களை மட்டும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, பின்னால் செட்டிங்கே கிடையாது" என்றார்கள். வண்டியில் குறையில்லை என்றால் குறை அப்பாவின் எழுபத்திரண்டு வயதுக் கைகளில்தான் என்று தம்பி முடிவுகட்டினான். சாவியை வாங்கி வைத்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அப்பா மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் என்னை உறுத்தியது.

அவரை அழைத்துக்கொண்டு பழைய பட்டறை ஒன்றுக்குச் சென்றேன். பின்னால் செட்டிங் கிடையாது என்பது உண்மைதான். இரு பின்சக்கரங்களும் ஒரே விறைப்பான அச்சில் பூட்டப்பட்டவை. திருகிச் சரிசெய்ய அதில் ஏதுமில்லை. ஆயினும் அந்த அச்சு முழுவதுமாகவே கோணிக்கொள்ளக்கூடும். ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை, அச்சின் இருக்கையிலுள்ள குழியில் அமர்ந்து அதை நகராமல் நிறுத்துகிறது. யூ போல்ட்டுகள் தளர்ந்தால் சுமையெல்லாம் அந்தச் சிறு போல்ட்டின் மீது விழும். அது முறிந்தால் அச்சு வழுக்கும்.

மெக்கானிக் கொத்தனாரின் தூக்குக்குண்டை எடுத்தார். இருபுறமும் ஸ்பிரிங்கின் முன்முனைப் போல்ட்டிலிருந்தும் அச்சிலிருந்தும் நூலை இறக்கித் தரையில் சாக்கட்டியால் குறியிட்டு, டேப்பால் அளந்தார். இடப்பக்கம் அரை அங்குலம் நீண்டிருந்தது. அச்சின் இடமுனை பின்வாங்கியதால் பின்சக்கரங்கள் இரண்டும் இடப்புறம் நோக்கின; வண்டியின் பின்பகுதி இடப்புறம் ஒதுங்க, மூக்கு வலப்புறம் திரும்பியது.

"ஐயா, உங்க கை நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் இடுப்பு விலகி நிக்குது" என்றார். அப்பா அந்தச் சாக்கட்டிக் குறிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டுகளும் புதிதாயின. அச்சை நகர்த்திக் குழியில் அமர்த்தி, வண்டியின் பாரம் ஸ்பிரிங்கின்மேல் இறங்கிய பிறகு யூ போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினார். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் இறுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். ஓடாத தேரால் யாருக்கும் தீங்கில்லை. ஆணி முறிந்த பின்னும் ஓடுகிற வண்டியே அஞ்சத்தக்கது. அது தன் பிழையை ஓட்டுபவரின் கைமீது ஏற்றிவிடுகிறது.

சாவி பற்றிய பேச்சு இன்னொரு நாள் வரத்தான் செய்யும். முதுமையை மாற்றிப் பூட்ட எந்தப் பட்டறையாலும் இயலாது. ஆனால், அது வரும்போது தனக்குரிய காரணத்தோடு வரட்டும். ஒரு போல்ட்டின் முறிவைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு வர வேண்டாம்.