பூச்சா, சுத்தமா?

பழைய காரை விற்க மனம் வராமல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அத்தகைய காருக்கு உதிரிப் பாகங்களையும் பழையதாகவே வாங்குகிறோம். வாங்கிய பாகத்திற்கு எந்தப் பூச்சு ஏற்றது என்பதை யோசித்துத்தான் செய்யவேண்டும். கைப்பணமும் போய், எஞ்சினும் கெட்டுவிடக் கூடாதல்லவா?

என் அக்காள் வீட்டில் இருப்பது பழைய புரோட்டோன் சாகா. 1985-இல் நாட்டின் முதல் தேசியக் காராக வெளிவந்ததே, அந்த வகைதான். தோட்டத்து லாரி ஓட்டிய அத்தான் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. அவர் காலமாகிவிட்டார். அக்காளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வருவது இன்றும் அந்தக் கார்தான்.

அதன் இன்டேக் மெனிபோல்ட் சென்ற ஆண்டு பழுதாகிவிட்டது. கார்புரேட்டரில் கலக்கும் பெட்ரோலையும் காற்றையும் நான்கு சிலிண்டர்களுக்கும் பிரித்து அனுப்பும் அலுமினியக் குழாய் அது. அதில் தண்ணீர் ஓடும் வழி அரித்துப் போயிருந்தது. பழைய கார்களை உடைக்கும் கடையிலிருந்து என் மருமகன் வேறொன்றை 80 வெள்ளிக்கு வாங்கி வந்தான். கரியும் எண்ணெயும் அப்பிக் கிடந்தது.

“குரோம் பூசிடலாம் மாமா. அப்பா காரு பளபளன்னு இருக்க வேணாமா?” என்றான்.

அவன் ஆசை எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஒவ்வொன்றாகச் சீர்தூக்கிப் பார்த்தோம். அலுமினியத்தின் மேல் குரோம் நேராக ஒட்டாது. அடியில் வேறு உலோகப் பூச்சுகள் போடவேண்டும். அதற்கு ஆகும் செலவு பாகத்தின் விலையையே மிஞ்சிவிடும். சாதாரணச் சாயத்தைப் பெட்ரோல் கரைத்துவிடும். தூள் பூசிச் சுமார் 200 டிகிரி சூட்டில் வேகவைக்கும் பூச்சு உறுதியானதுதான். ஆனால் கேஸ்கெட் உட்காரும் முகத்தில் அது படியக் கூடாது. படிந்தால் இடைவெளி விழுந்து காற்று புகும். எஞ்சின் நின்ற இடத்தில் உதறும்.

பூச்சைவிட, அதற்கு முன் செய்யும் சுத்தத்தில்தான் ஆபத்து அதிகம். மணல் வீசிச் சுத்தம் செய்தால், உள்ளே தங்கும் நான்கு மணல் போதும், சிலிண்டரைக் கீறிவிட. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் அலுமினியமே பொங்கிக் கரையும். எளிதில் தீப்பற்றும் வாயுவும் கிளம்பும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்காள், “உங்கப்பா காரைத் தொடைச்சுத்தான் வெச்சிருந்தாரு. பூசி வெச்சதில்லையே” என்றார். மருமகன் பதில் பேசவில்லை. மண்ணெண்ணெயையும் பழைய பிரஷையும் எடுத்து வந்தான்.

வீட்டுக்கு வெளியே, அடுப்பு நெருப்புக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்து தேய்த்தோம். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் அலசி, ஒவ்வொரு துவாரத்திலும் காற்றடித்து உலர்த்தினோம். முகம் சமமாக இருக்கிறதா என்று இரும்பு அளவுகோல் வைத்துப் பார்த்தோம். புதிய கேஸ்கெட் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சிறிது சிறிதாக முறுக்கினோம். பூச்சு எதுவும் போடவில்லை.

வெறும் அலுமினியம் நாளடைவில் மங்கும். அதனால் கெடுதல் இல்லை. பெட்ரோலோ தண்ணீரோ கசிந்தால் அதன் கறை உடனே கண்ணில் படும் என்பது பெரிய வசதி. அழகுக்குச் சாயம் வேண்டுமென்பவர்கள் எஞ்சினுக்கென்றே விற்கும் சூடு தாங்கும் சாயத்தை வாங்கி, துவாரங்களையும் கேஸ்கெட் முகத்தையும் நன்றாக மூடிவிட்டு, மெல்லியதாக அடிக்கலாம்.

வெளியே மினுக்குவதை ஊரார் மெச்சுவார்கள். உள்ளே மணலில்லாமல் இருந்தால்தான் கார் நம்மை வீடு கொண்டுவந்து சேர்க்கும்.