மந்தரத்துக்கும் கீழே

குன்னூரில் நண்பர் ஒருவர் பிரீமியர் பத்மினி வைத்திருக்கிறார். 1089 சி.சி. எஞ்சின். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டர்களும், எஞ்சினை ஆளும் கணினியான மெகாஸ்குவர்ட் இ.சி.யூ.வும் பொருத்தியிருந்தார். புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கியது அது. பாகங்களை வாங்கி நம் கையாலேயே சால்டர் வைத்து முடிக்கலாம். வண்டி சூடாகிவிட்டால் ஒரு குறையும் இல்லை. குளிர்ந்த காலையில் மட்டும் தள்ளாடும், அணையும். மூன்று நாளாக மடிக்கணினியில் ஐடிலிங் எண்களையே மாற்றிக்கொண்டிருந்தார். கூட்டினால் உறுமுகிறது, குறைத்தால் நின்றுபோகிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கும்பகோணத்து அத்தையின் ஞாபகம் வந்துவிட்டது.

அத்தை மேடையேறிப் பாடியதில்லை. பாடுகிறவர்களுக்குத் தம்புரா போடுவாள். பலாமரத்தில் செய்த தஞ்சாவூர்த் தம்புரா. சுருதி சேர்க்க உட்கார்ந்தால் மின்விசிறியை நிறுத்திவிடுவாள். வேர்த்து வழியும், துடைக்க மாட்டாள். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று ஒவ்வொரு கம்பியாகப் பிருடையைத் திருகுவாள். பிறகு மணியை மயிரிழை நகர்த்துவாள். எல்லாம் முடிந்த பிறகுதான் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு துண்டு நூலைச் செருகி மெல்ல இழுப்பாள். அதுவரை கம்பியாக மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது சட்டென்று விரிந்து அறை முழுக்க ரீங்கரிக்கும். அதற்குப் பெயர் ஜீவா. எட்டு வயதில் எனக்கு அந்த நூல்தான் எல்லாம். அவள் பிருடையில் இருக்கும்போதே என் கை நூலுக்குப் போகும். ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “கம்பி சேராம நூலை இழுத்தா, சேராததுதான் இன்னும் நல்லாக் கேக்கும்டா.”

நண்பரிடம் ஐடிலிங் பக்கத்தை மூடிவைக்கச் சொன்னேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு, எஞ்சினைக் கிளப்பாமல், சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து, சென்சார்கள் சொல்வதைப் பார்த்தோம். இரவு முழுக்க நின்ற எஞ்சின். கொட்டகை, காற்று, கூலன்ட் மூன்றும் ஒரே வெப்பத்தில் இருந்தாக வேண்டும். சுவரில் தொங்கிய வெப்பமானி 10 டிகிரி காட்டியது. காற்று சென்சாரும் 10. கூலன்ட் சென்சார் 18 என்றது.

காரணம் எளிது. மென்பொருளில் இருந்தது ஜெனரல் மோட்டார்ஸ் சென்சாருக்கான அட்டவணை; நண்பர் மாட்டியிருந்தது பாஷ் சென்சார். இது 10 டிகிரியில் ஏறக்குறைய 3,800 ஓம் காட்டும். அந்த அட்டவணைப்படி 3,800 ஓம் என்றால் சுமார் 18 டிகிரி. நூறு டிகிரிக்குப் போனால் இரண்டும் 180 ஓமை ஒட்டி வந்துவிடுகின்றன. அதனால்தான் சூடான வண்டியில் ஒன்றுமே தெரியவில்லை. குளிரில் எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், இ.சி.யூ.வோ ஓரளவு சூடாகிவிட்டது என்று நம்பிக் குறைவாகக் கொடுத்திருக்கிறது. த்ராட்டில் சென்சாரும் பிசகியிருந்தது. முழுக்க மூடியிருந்தபோதே 3 சதவீதம் திறந்திருப்பதாகச் சொன்னது. பெடலில் கால் இருக்கிறதா இல்லையா என்று இ.சி.யூ.வுக்கு நிச்சயமில்லாமல், ஐடில் கட்டுப்பாட்டுக்குள் வருவதும் வெளியேறுவதுமாக இருந்திருக்கிறது. அந்தக் கணினியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னதை நம்பி நேர்மையாக உழைத்திருக்கிறது.

இரண்டையும் சரிசெய்தோம். ஐடிலிங் எண்களைப் பழையபடியே விட்டுவிட்டோம். இலக்கை மட்டும் 980 ஆர்.பி.எம். என்று வைக்கச் சொன்னேன். நான்கு சிலிண்டர் எஞ்சின் அந்த வேகத்தில் நொடிக்கு 32.7 முறை வெடிக்கிறது. ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகருக்குச் சேர்த்த தம்புராவில், மந்தரக் கம்பிக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. எஞ்சின் நிலைத்தது, அதே சுருதியில், அசையாமல். பானெட்டில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

உங்கள் வண்டியும் காலையில் அணைகிறதென்றால், ஐடிலிங் எண்களைத் தொடாதீர்கள். எஞ்சினைக் கிளப்பும் முன் அந்த மூன்று வெப்பநிலைகளையும் படித்துப் பாருங்கள்.