பி0171: கோட் சொல்வதும் சொல்லாததும்

டேஷ்போர்டில் மஞ்சளா ஒரு இன்ஜின் படம் எரியுது. ஸ்கேனர் மாட்டினா ‘பி0171’ன்னு காட்டுது. நீங்க என்ன பண்ணுவீங்க? நம்மில் நிறைய பேர் நெட்டில் தேடுவோம், ஆக்சிஜன் சென்சார்னு யாராவது எழுதியிருப்பாங்க, அதை மாத்திடுவோம். சில நாளில் லைட் திரும்பவும் எரியும்.

போன லீவில் என் மாமாவின் பழைய பெட்ரோல் காருக்கு இதுதான் நடக்க இருந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் சென்சார் மாத்த 7,000 ரூபாய் கேட்டாங்க. கிழக்கு தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கு அது சின்னத் தொகை இல்லை. “மாப்ள, நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற, என்னன்னு பாரு”ன்னார். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவி ஒன்றை வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் மாட்டினேன்.

முதலில் கோடைப் பிரிச்சுப் பாருங்க. ‘பி’ என்றால் பவர்டிரெயின், அதாவது இன்ஜின், கியர் பக்கம். ‘0’ என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோட். ‘1’ என்றால் காற்று, எரிபொருள் அளவு. மொத்தத்தில் அர்த்தம்: கலவை ‘லீன்’. 1 கிராம் பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இங்கே காற்று அதிகம், இல்லன்னா பெட்ரோல் கம்மி.

இதைக் கண்டுபிடிச்சுச் சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான். புகையில் ஆக்சிஜன் மிஞ்சுதுன்னு அது சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். அந்தக் கூடுதல் சதவீதம்தான் ஃப்யூவல் ட்ரிம். அது எல்லை தாண்டினால் லைட் எரியும். எடுத்த உடனே சென்சாரை மாத்துவது, புகார் கொடுத்தவரையே ஸ்டேஷனில் உட்கார வைக்கிற மாதிரி.

அப்போ யார் குற்றவாளி? ஐடிலில் ட்ரிம் +24 காட்டியது. ஆக்சிலரேட்டரை அழுத்தி 2,500 ஆர்பிஎம்மில் பிடிச்சப்போ +5க்கு இறங்கியது. இதுதான் துப்பு. ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், மேனிஃபோல்டில் வேக்கம் பலமா இருக்கும், இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றும் கம்மி. அப்போ ஒரு சின்ன ஓட்டை வழியா வரும் திருட்டுக் காற்றுகூட பெரிய பங்கு. த்ராட்டில் திறந்து நிறைய காற்று வந்தால் அதே ஓட்டை ஒண்ணுமே இல்லை. இதுக்கு நேர்மாறா, வேகம் கூடக்கூட ட்ரிம் ஏறினால் ஃப்யூவல் பம்ப், ஃபில்டர் பக்கம் பாருங்க.

ஒரு எச்சரிக்கை: இது காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிக்கான கணக்கு. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டியில் லீக் இருந்தால், லீன் கோட் வராமல் ஐடில் மட்டும் ஏறலாம்.

நம்பரோடு சேலையூரில் ஒரு வயசான மெக்கானிக் அண்ணனிடம் போனோம். ஏசியை ஆஃப் பண்ணச் சொல்லி, பானெட்டுக்குள் காது கொடுத்துக் கேட்டார். “உஸ்ஸுங்குது பாரு தம்பி”ன்னார். இன்ஜினை நிறுத்தி, பிசிவி ஹோஸை வளைத்துக் காட்டினார். வெளியே நல்லா இருந்த ரப்பர், அடிப்பக்க வளைவில் வெடித்திருந்தது. வருஷக்கணக்கா இன்ஜின் சூட்டில் வெந்தால் ரப்பர் அப்படித்தான். புது ஹோஸ் 350 ரூபாய். (சிலர் கார்ப் கிளீனர் அடிச்சு லீக் தேடுவாங்க. சூடான இன்ஜினில் அது தீப்பிடிக்கும், வேண்டாம்.)

ஜிஎஸ்டி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால், ஃபோர்டு 2022 வரை கார் செய்த மறைமலை நகர். அந்தப் பக்கம் ஒரகடத்தில் ரெனோ. இப்படி ஒரு ஏரியாவில் இருந்துகொண்டு நம்மில் பலர் கோட் வந்தால் பார்ட் மாத்தும் ஆளாகத்தான் வெளியே போகப்போகிறோம். அந்த அண்ணன் ட்ரிம்னு ஒரு வார்த்தை பேசல. ஆனா ‘காற்று எங்கிருந்து வருது’ன்னு கேட்டார். கோட் அந்தக் கேள்வி வரைக்கும்தான் நம்மைக் கூட்டிட்டுப் போகும்.

அடுத்த தடவை லைட் எரிஞ்சா, கோடை அழிக்கும் முன் ‘ஃப்ரீஸ் ஃப்ரேமை’ ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. கோட் விழுந்த நிமிஷம் ஆர்பிஎம், சூடு, லோடு எவ்வளவுன்னு அதில் இருக்கும். அழிச்சா அதுவும் சேர்ந்து போயிடும்.