சோடி இழந்த எருது

சோடி மாட்டில் ஒன்று செத்தால் மற்றதையும் அந்தக் கிழமையே தள்ளிவிட வேண்டும் என்பது வன்னியில் இப்போது புத்திமதியாகவே ஆகிவிட்டது. சொல்லுகிறவர்கள் அநேகமாக லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் சத்தத்தோடு வளர்ந்த பிள்ளைகள். தனி எருது தின்னாது, இளைக்கும், இளைத்தால் விலை விழும், ஆகவே உடம்பில் சதை இருக்கும்போதே கைமாற்றிவிடு என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கின் முதற்பாதி சரி. தனித்துப்போன வயதான எருது இளைக்கத்தான் செய்யும். ஏன் இளைக்கிறது என்று கேட்காமல் விலை பேசுவதில்தான் பிழை இருக்கிறது. வயதைக் காரணம் சொல்கிறார்கள். போன மாதம் சோடியோடு நின்றபோதும் அதற்கு அதே வயதுதான். தீனியைக் காரணம் சொல்கிறார்கள். தொட்டியில் அதே வைக்கல்தான் கிடக்கிறது. மாறியது ஒன்றே ஒன்று, பக்கத்தில் நின்ற மாடு இல்லை. அதைச் சரிசெய்யலாம். செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் தீனி எடுக்கவில்லை என்றவுடன் தனிமையை நினைக்கக் கூடாது, நோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். செத்தது தொண்டையடைப்பானில் செத்திருந்தால், ஒரே தொட்டியில் தின்று ஒரே குளத்தில் குடித்த மற்றதையும் அது விடாது. எருதுக்கு 38 பாகை தொடக்கம் 39 பாகை சொச்சம் வரை இயல்பான சூடு. அதற்கு மேலே போனால் மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும், வீட்டில் நின்று ஆராயக் கூடாது. காய்ச்சல் இல்லையென்றால் இடப்பக்கப் பசிக்குழியில் முட்டியை அழுத்தி வைத்துக்கொண்டு பொறுமையாக நிற்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவையாவது இரைப்பை கையைத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் கோளாறு வயிற்றில். வயிறும் சரியென்றால் பல். கடைப்பல் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் போன மாட்டுக்கு முன்பல் தேய்ந்து முளையாக நிற்கும். அது வைக்கலை வாயில் எடுத்து மென்று சுருட்டிக் கீழே போடும், தவிட்டுக் கஞ்சியை மட்டும் உறிஞ்சும். பல் போன மாட்டுக்குத் தின்ன ஆசை இருக்கும், முடியாது. தனித்த மாட்டுக்குத் தின்ன முடியும், ஆசை இராது. இதைப் பிரித்தறிய வழி ஒன்றுதான். வேறொரு மாட்டைக் கொம்பு எட்டாத தூரத்தில், கண்ணில் படும்படி கட்டி, அதற்கு வைக்கல் போடுங்கள். அது தின்னும் சத்தத்துக்கு இதுவும் தலையைக் குனிந்து வாய் வைத்தால், வைத்தியம் என்னவென்று தெரிந்துவிட்டது. ஒரு சதம் செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் விற்றமின் ஊசியைப் போட்டுவிட்டு, வயது போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மாட்டுக்கு ஏது துக்கம், உங்கள் மனத்தை அதன் மேல் ஏற்றிப் பேசுகிறீர்கள் என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. துக்கம் என்று பெயர் வைக்க வேண்டிய தேவையே இல்லை. மாடு பட்டியாக வாழப் பிறந்த விலங்கு. தலை குனிந்து தின்னும்போது சுற்றுமுற்றும் பார்க்க இன்னொரு கண் அதற்கு வேண்டும். அந்தக் கண் இல்லாதபோது அது தின்பதை விட்டுத் தலை தூக்கி நிற்கும், இரவில் படுக்காது, படுக்காததால் இரைமீட்பதும் குறையும், தின்ற கொஞ்சமும் உடம்பில் ஒட்டாது. இங்கிலாந்தின் நோர்தாம்ரன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ரா மக்லெனன் என்பவர் பசுக்களின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தார். பழகிய தோழியோடு அடைத்தபோது இருந்த துடிப்பு, பழகாத பசுவோடு அடைத்தபோது இருந்ததைவிடக் குறைவாக இருந்தது. சுவிற்சர்லாந்தில் 2008 முதல் கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பதே சட்டவிரோதம். எலியைவிடச் சற்றுப் பெரிய அந்தச் சீவனில் ஒன்று செத்தால், மிஞ்சிய கிழட்டுக்கு ஒரு துணை தேடிக் கொடுக்க வேண்டிய கடமை வளர்த்தவருக்கு வருகிறது. எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த நாட்டில் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தங்கள் குழந்தைகளுக்குச் சோடியாகத்தான் கினிப்பன்றி வாங்குகிறார்கள். ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் மட்டும், அந்தக் கிழமாட்டை இன்னும் ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

துணை தேடுவது என்று சொல்லிவிடலாம். எந்தத் துணை, எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. கண்ணில் கண்ட நாம்பனை, அதாவது இளங்காளையை, பிடித்து வந்து பக்கத்தில் கட்டுகிறவர்கள், மாடு இன்னும் வேகமாக இளைக்கிறதே என்று பிறகு ஆச்சரியப்படுகிறார்கள். நாம்பன் முதல் நாளே தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். கிழடு சண்டைக்குப் போகாது, ஒதுங்கும், ஒதுங்கிய மாடு பட்டினி. இன்னொரு கிழட்டெருது என்றால் இரண்டும் பழைய மிடுக்கில் கொம்பு பூட்டிப் பார்க்கும், முழங்கால் முறிந்தால் இரண்டும் போச்சு. ஈன்று ஓய்ந்த வயதான பசுதான் நல்லது. அது கிடைக்காவிட்டால், கிடைக்கும் வரைக்கும் ஒரு ஆடு கூடப் போதும். இனிப் பக்கம். இடத்தையாக, அதாவது நுகத்தின் இடப்பக்க மாடாக, பூட்டிப் பழகிய எருதுக்கு வாழ்நாள் முழுவதும் வலப்பக்கத்தில் ஓர் உடம்பு நின்றிருக்கிறது, இடப்பக்கம் வெளி. புதிய மாட்டை இடப்பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டினால், இருந்த வெளியும் அடைபட்டு, துணை வேண்டிய பக்கம் வெறுமையாகவே கிடக்கும். அந்த மாடு கட்டையைச் சுற்றிச் சுற்றி வருவதும் நாணயக்கயிறு அறுந்து மூக்குப் புண்ணாவதும் இதனால்தான். வலத்தைக்கு இதன் மறுபக்கம். கண்ணில் பூ விழுந்த மாடென்றால் இன்னும் கவனம் வேண்டும், குருட்டுக் கண் பக்கம் திடீரென்று மூச்சுச் சத்தம் கேட்டால் வெருண்டுவிடும். அதற்கு முதலில் எதிரே கட்டி மணம் பிடிக்க விட்டுத்தான் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். தொட்டி இரண்டு இருக்க வேண்டும், கிழட்டுக்கு முதலில் போட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் படுத்து இரைமீட்கிற இரவு வரும் வரைக்கும் கயிற்றைக் கட்டையாகவே விட வேண்டும். மாட்டுவண்டிச் சவாரிக்காரர்களைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும் பக்கம் மாற்றிப் பூட்டுகிற மடத்தனத்தை அவர்கள் செய்வதில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டில் கட்டிப் போன தலைமுறைக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

துணை கிடைத்தவுடன் நுகத்தில் வைத்துப் பார்க்கிற அவசரம் இன்னொரு வியாதி. அடுத்த சோடிக்கென்று வாங்கிய நாம்பன், பழகிய எருதோடு பூட்டினால் நடை படிக்கும் என்பது உண்மைதான். வெறும் வண்டிலில், மணல் இல்லாத பாதையில், வெயிலுக்கு முன்னால் என்றால் கிழட்டுக்கும் அது நல்லது. சுமை ஏற்றுவதென்றால் ஏர்க்கால் கட்டும் இடத்தை நுகத்தின் நடுவில் இருந்து இளசின் பக்கம் நகர்த்த வேண்டும், அப்போதுதான் பாரம் இளசுக்குக் கூடும். மறுபக்கம் நகர்த்தி, கிழட்டின் கழுத்தில் புண் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதை விளக்குவதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

தீனியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வைக்கலைத் துண்டாக வெட்டி ஊறவைத்துக் கொடுங்கள். இரக்கப்பட்டுச் சோறும் கஞ்சியும் வாளி வாளியாக ஊற்றினால் வயிறு ஊதும். குளிரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் கடந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் குளிரில் செத்தன, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதில் அடக்கம். வெயிலுக்குப் பழகிய எங்கள் மாட்டுக்கு ஈரத்தோடு வந்த வாடைக்காற்றைத் தாங்கத் தெரியாது. ஒட்டிப் படுக்க இன்னோர் உடம்பு இல்லாத கிழமாட்டுக்குச் சாக்கும் காய்ந்த தரையும் காற்று மறைப்பும் மருந்துக்குச் சமம்.

செலவைப் பற்றிய கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மேய்ச்சல் தரை என்று சொல்ல இடமில்லாத மாவட்டங்களில், இயந்திரம் வெட்டிய வயலில் வைக்கல் எரிகிற காலத்தில், உழாத மாட்டுக்கு யார் தீனி போடுவது? ஆனால் கணக்கை முழுவதாகப் போட வேண்டும். 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியபோது எருவுக்கு அலைந்தவர்கள் யார்? 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்றபோது, பூட்டத் தெரிந்த மாடும் பூட்டத் தெரிந்த ஆளும் எங்கே என்று தேடியவர்கள் யார்? கிழட்டெருது ஒன்று கொட்டிலில் நின்றால், அடுத்த சோடியைப் பழக்குகிற அறிவும் அந்த வீட்டில் நிற்கிறது. 2020 செப்ரெம்பரில் மாடறுப்பை நிறுத்தும் யோசனைக்கு இலங்கை அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, விவசாயத்துக்குப் பயன்படாத வயதான மாடுகளுக்கு ஒரு திட்டம் வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. அந்த அளவுக்காவது எருதை நினைத்தார்கள். கால்நடை அபிவிருத்தி என்று ஊருக்கு வருகிறவர்களுடைய படிவங்களிலோ எத்தனை லீற்றர் பால் என்ற கேள்விக்கு அப்பால் ஒன்றும் இருப்பதில்லை. பால் தராததைப் பராமரிக்கிற அறிவுக்கு அங்கே கட்டமும் இல்லை, மதிப்பும் இல்லை. விற்கவும் மனமில்லாமல் வைத்திருக்கவும் தெரியாமல் அவிழ்த்துவிடப்பட்டவைதான் இரவில் ஏ9 வீதியின் சூட்டுத் தாரில் கட்டாக்காலியாகப் படுத்துக்கிடக்கின்றன. அவற்றைப் பிடித்து அடைக்கவும் தண்டம் அறவிடவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கொட்டிலில் சோடி போய் ஒன்று மட்டும் நிற்கிறது என்றால், விலை பேச வருகிறவரை முதல் மாதம் படலைக்கு வெளியே நிறுத்துங்கள். ஒரு வயதான பசுவைத் தேடிப் பிடித்து, சரியான பக்கத்தில் கட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மாடு தின்னாவிட்டால் விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.