மூக்குக் குச்சியும் இரண்டு கோடுகளும்

எங்கள் வீட்டு மருந்து டப்பாவில் தெர்மாமீட்டர், பி.பி. மிஷின், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இவற்றோடு இரண்டு ஹோம் டெஸ்ட் கிட்டும் எப்போதும் இருக்கும். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "இன்னுமா டீச்சர் இதையெல்லாம் வச்சிருக்கீங்க?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஏன் வைத்திருக்கிறேன் என்று ஒருமுறை விவரமாக எழுதிவிட்டால் ஆளாளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான். 32 வருடம் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தியவளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

எங்கள் வீட்டுக்காரருக்கு 2017-ல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கொடுத்தவர் அவருடைய அக்கா. அந்தச் சிறுநீரகத்தை உடம்பு வெளியாள் என்று நினைத்துத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காகக் காலை 9 மணிக்கும் இரவு 9 மணிக்கும் மாத்திரை. அந்த மாத்திரைகளின் வேலையே எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதுதான். அதனால் மற்ற வீடுகளில் மூன்று நாள் சளி என்று போய்விடுவது, இங்கே ஆஸ்பத்திரிப் படுக்கை வரை போகலாம். தடுப்பூசியும் இப்படிப்பட்டவர்களுக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் அளவு பாதுகாப்பைக் கொடுப்பதில்லை. 2021 இரண்டாம் அலையில், அவரோடு டயாலிசிஸ் காலத்திலிருந்து பழகிய இரண்டு பேர் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம்.

அந்த 2021 மே மாதம்தான் வீட்டிலேயே செய்துகொள்ளும் முதல் கிட்டுக்கு ஐ.சி.எம்.ஆர். அனுமதி கொடுத்தது. புனேயின் மைலேப் நிறுவனம் செய்த கோவிசெல்ஃப், விலை 250 ரூபாய். குச்சியை இரண்டு மூக்குத் துவாரத்திலும் 2 முதல் 4 செ.மீ. வரை விட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து முறை சுழற்ற வேண்டும். பிறகு குழாயில் உள்ள திரவத்தில் நன்றாகக் கலக்கி, பட்டையில் இரண்டு சொட்டு. 15 நிமிடத்தில் பார்க்க வேண்டும். 20 நிமிடத்துக்கு மேல் தெரிவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. செல்போனில் செயலி இறக்கிப் பட்டையைப் படம் எடுக்கவும் சொன்னார்கள். அந்தப் பகுதி மட்டும் என் மகனின் இலாகா.

முதல் கிட்டைப் பிரித்ததும் எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் குழாயில் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. அதில் உள்ள சோப்பு போன்ற பொருள் வைரஸின் மேலுறையை உடைத்து உள்ளே இருக்கும் புரதத்தை வெளியே கொண்டுவரும். கூடவே தாங்கல் கரைசல், அதாவது பி.ஹெச். மாறாமல் பார்த்துக்கொள்ளும் பஃபர். பட்டையில் சொட்டு விட்டதும் திரவம் மை உறிஞ்சும் தாளில் ஏறுவது போல ஏறும். வழியில் நுண்ணிய தங்கத் துகள்கள் ஒட்டிய ஆன்டிபாடிகள் காத்திருக்கும். ஆமாம், தங்கமேதான், பல கிட்களில் அந்தச் செந்நிறக் கோடு தங்கத்தால் வருவது. தங்கம் அவ்வளவு சிறிய துகளானால் மஞ்சளாக இருக்காது, மாணிக்கச் சிவப்பாகிவிடும். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இதை ஆராய்ந்திருக்கிறார். கூழ்மங்கள் பாடத்தில் ஒரு வரியில் கடந்து போவோமே, அதுதான் 250 ரூபாய்க்கு வீட்டுக்கு வந்திருந்தது.

வைரஸ் புரதம் இருந்தால் தங்கத் துகளோடு சேர்ந்து போய் 'டி' கோட்டில் மாட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் 'சி' கோட்டில் மட்டும் நிறம் வரும். இந்த 'சி' கோட்டைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது வருகைப் பதிவேடு மாதிரி. திரவம் ஒழுங்காக ஓடியது, பட்டை கெட்டுப்போகவில்லை என்று மட்டும்தான் சொல்லும். நீங்கள் குச்சியைச் சரியாகச் சுழற்றினீர்களா, மூக்கு நுனியில் தொட்டுவிட்டு எடுத்துவிட்டீர்களா என்பது அதற்குத் தெரியாது.

பஃபரைப் பற்றி ஒரு கிளைக்கதை. 2021-ல் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் பட்டையில் ஆரஞ்சு ஜூஸும் கோலாவும் ஊற்றி 'பாசிட்டிவ்' கோடு வரவைத்து லீவு போட்டார்கள். பஃபர் இல்லாமல் அமிலத்தை நேராக ஊற்றினால் அந்தத் துகள்கள் 'டி' கோட்டில் சும்மாவே போய் ஒட்டிக்கொள்ளும். ஹல் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் மார்க் லார்ச் இதைச் செய்து பார்த்து விளக்கினார். பட்டையைப் பஃபரால் கழுவினால் அந்தப் பொய்க்கோடு மறைந்துவிடுமாம். அந்தப் பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நல்ல செய்முறை வகுப்பு ஒன்று தானாக நடந்திருக்கிறது!

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2022 பொங்கல். ஒமிக்ரான் அலை. இரவு ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு, பண்டிகை நாட்களில் கோயில்களும் மூடல். சென்னையிலிருந்து மகன், மருமகள், ஆறு வயதுப் பேரன் மூவரும் காரில் வந்தார்கள். கிளம்பும்முன் மூவருக்கும் டெஸ்ட், மூவரும் நெகட்டிவ். மறுநாள் போகியன்று காலை மகன், "தொண்டை கரகரங்குதும்மா" என்றான். மறுபடி டெஸ்ட். நெகட்டிவ்தான். நான், "தம்பி, நீங்க மூணு பேரும் மாடி ரூம்ல இருங்க, நாளன்னிக்கு இன்னொரு தடவ பாத்துக்கலாம்" என்றேன்.

வீடு கனத்துப் போய்விட்டது. மருமகள் அதிர்ந்து பேசாத பெண். அவளே, "அத்தை, நெகட்டிவ்னு வந்ததுக்கப்புறமும் எதுக்கு? அப்புறம் டெஸ்ட் எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி. அன்று மாலை அவளுடைய அம்மா போன் செய்தார்கள். "சம்பந்தியம்மா, பண்டிகையும் அதுவுமா நம்ம பிள்ளைங்களையே ஒதுக்கி வச்ச மாதிரி இருக்கே" என்றார்கள். மாமா உடம்பு அப்படி என்று சொன்னேன். போனை வைக்கும்போது குரலில் பழைய இணக்கம் இல்லை. பொங்கல் பானை வாசலில் பொங்கியபோது பேரன் மாடி ஜன்னல் கம்பிக்குள் கரும்புத் துண்டோடு நின்று, "தாத்தா, பொங்கலோ பொங்கல்" என்று கத்தினான். இவர் கீழே நின்று கையை ஆட்டினார். உள்ளே வந்து, "ரொம்பத்தான் பண்றியோ?" என்று என்னிடம் கேட்டார். பதில் சொல்லவில்லை.

மருமகளின் கேள்விக்குப் பதில் இதுதான். ஆர்.டி.பி.சி.ஆர். என்பது இருப்பதைப் பெருக்கிப் பார்க்கும் முறை. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு; ஒன்று 30 சுற்றில் சுமார் 107 கோடி ஆகிவிடும். அதனால் கொஞ்சம் இருந்தாலும் பிடித்துவிடும். வீட்டுப் பட்டை பெருக்காது, உள்ளதை உள்ளபடி பார்க்கும். தொற்றின் முதல் ஓரிரு நாளில் மூக்கில் வைரஸ் குறைவாக இருந்தால் கோடு வராது. 2022-ல் வந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, அறிகுறி உள்ள தொற்றாளர்களில் 100-க்கு சராசரியாக 73 பேரைத்தான் இந்தப் பட்டைகள் பிடித்தன. அறிகுறி இல்லாதவர்களில் 55 பேரை. அதனால்தான் அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். எடுக்கச் சொன்னது ஐ.சி.எம்.ஆர். 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லி அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2022 ஆகஸ்டில் அறிவித்தது. பாசிட்டிவ் வந்தால் அநேகமாக உண்மைதான். நெகட்டிவ் என்பது 'இந்த நேரத்தில் இந்தக் குச்சியில் இல்லை' என்பது மட்டும். எங்கள் உறவினர் ஒருவர் நெகட்டிவ் பட்டையின் படத்தை ஹால் டிக்கெட் மாதிரி போனில் வைத்துக்கொண்டு நாலு நாள் கல்யாணம், காதுகுத்து என்று சுற்றினார். இருமிக்கொண்டேதான்!

மாட்டுப் பொங்கலன்று காலை மகன் மறுபடி டெஸ்ட் எடுத்தான். 'சி' கோடு பளிச்சென்று வந்தது. 'டி' இடத்தில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு சாயல். "அம்மா, இது கோடே இல்ல, நிழல்" என்றான். படிக்கட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். 13-ஆவது நிமிடம்.

என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடும்போது பீனால்ப்தலீனில் முதன்முதலாக நிலைத்து நிற்கும் அந்த வெளிர் இளஞ்சிவப்புதான் முடிவுநிலை. நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்தவர்கள் செய்முறைத் தேர்வில் மார்க்கைத் தொலைத்தவர்கள். சொன்ன நேரத்துக்குள், சரியான இடத்தில், நிறத்தோடு வந்தால் மங்கலான கோடும் கோடுதான். "தம்பி, பாசிட்டிவ்" என்றேன். மறுநாள் அதே கோடு கிட்டத்தட்ட 'சி' அளவுக்குத் தடித்திருந்தது. இரண்டு நாளில் மருமகளுக்கும் வந்தது. பேரனுக்கு வரவே இல்லை. ஏழு நாள் மாடி, படிக்கட்டு வரை சாப்பாட்டுத் தட்டு. இவரை ஒருநாள் விட்டு ஒருநாள் சோதித்தோம். கடைசிவரை ஒற்றைக் கோடுதான். கிளம்பும் நாளில் மருமகள் வாசலில் நின்று, "மாமாவுக்கு ஒண்ணும் ஆகல அத்தை, அது போதும்" என்றாள். சம்பந்தியம்மா மட்டும் சகஜமாகப் பேச சித்திரை ஆகிவிட்டது.

மெல்போர்னில் இருக்கும் மகள் போன முறை வந்தபோது கோவிட், இன்ஃப்ளூயன்ஸா ஏ, பி, ஆர்.எஸ்.வி. எல்லாவற்றையும் ஒரே குச்சியில் பார்க்கும் கிட் கொண்டுவந்தாள். அங்கே மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறதாம். சென்ற ஐப்பசி மழையில் இவருக்குத் திடீரென்று 101 டிகிரி, உடம்பெல்லாம் வலி. கோவிட் கோடு இல்லை, இன்ஃப்ளூயன்ஸா ஏ கோடு இருந்தது. இதில் நேரம் முக்கியம். ஓசெல்டமிவிர் மாத்திரை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். நெஃப்ராலஜி டாக்டருக்குப் படத்தை அனுப்பினேன். லேபில் சளி மாதிரி கொடுக்கச் சொல்லிவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் கிரியாட்டினின் அளவைப் பார்த்து மாத்திரை அளவைக் குறித்துக் கொடுத்தார். லேப் ரிசல்ட்டும் அதையேதான் சொன்னது. நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "ரசம் சோறு போடு" என்றார்.

வாங்கி வைக்கிறவர்களுக்கு ஒன்று. இந்தக் கிட்கள் பெரும்பாலும் 2 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டியவை. நம்மூர் சித்திரை வெயிலில் மேல் அலமாரியில் வைத்தால் வீண். நான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மாடத்தில் வைக்கிறேன். கோடையில் ஃப்ரிட்ஜ் கதவில், எடுத்தால் அரைமணி வெளியே வைத்துப் பிறகு பயன்படுத்துவேன். காலாவதித் தேதியையும் பாருங்கள். என்னிடம் இருப்பது இன்னும் இரண்டு மாதம்தான். மெல்போர்ன்காரி அடுத்த மாதம் வருகிறாள், நாலு கிட் சொல்லியிருக்கிறேன். பேரன் சாக்லேட் சொல்லியிருக்கிறானாம்.