காதுக்குப் பின்னால் ஒரு மாத்திரை

மகளைப் பார்க்க டெக்சாஸ் போனபோது, அமரில்லோ பக்கம் இறைச்சி மாட்டுப் பண்ணை ஒன்றைப் பார்த்தேன். ஓய்வு பெற்றாலும் கால்நடை மருத்துவன் கண் சும்மா இருக்குமா?

காயடித்த காளைகளுக்குக் காதின் பின்புறத் தோலடியில் சிறு ஹார்மோன் மாத்திரைகள் வைக்கிறார்கள். எஸ்ட்ரடையாலும் ட்ரென்போலோனும் மாதக்கணக்கில் கசிந்து தசையை வளர்க்கும். கொழுப்பு படியத் தாமதமாகும். அதனால் கூடுதல் நாள் தீனி. கடைசி மாதங்களில் இடுப்பு உயரம் அதிகம் கூடாது; மார்பும் அகலமும்தான் பெருக்கும்.

நாங்கள் படித்த கணக்கு நினைவிருக்கிறது: மார்புச் சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 300ஆல் வகுக்க வேண்டும். அளவு அங்குலத்தில், எடை பவுண்டில். அங்கே தராசே உண்டு. நான் பார்த்தது கால்களை. எவ்வளவு பெருத்தாலும் தாங்குவது அதே நான்கு குளம்புகள்தானே! வெயிலில் விரட்டினால் கனத்த மாடு நடக்க முடியாமல் நின்றுவிடும்.

நல்லவேளை, அங்கிருந்த ஆள் காலையிலேயே, குச்சி ஓங்காமல், மெல்ல நடத்தி லாரியில் ஏற்றினார்.